கண்டியிலிருந்த கடற்படைத் துரையும் கணக்கில் வராத மலைநாட்டாரும்

பதக்கங்களை எண்ணி மகிழும் பழக்கம் நம்மவரிடையே இன்னும் ஒழிந்தபாடில்லை. ஐயமுள்ளவர்கள் ஒருமுறை பேராதனைப் பூங்காவுக்குப் போய் வரலாம். உல்லாசப் பயணிகளுக்கு வழிகாட்டும் நம் நாட்டு இளைஞர் ஒருவர், மகாவலி கங்கை வளைந்தோடும் அந்த 147 ஏக்கர் எழிற் சோலையைக் காட்டி, இங்கிருந்துதான் மௌண்ட்பேட்டன் பிரபு யப்பானை வென்றார் என்று பெருமிதத்தோடு சொல்லுவார். பிரபுவின் மார்பில் எத்தனை வரிசைப் பதக்கங்கள் மின்னின என்பதையும் சொல்லுவார். அந்தப் பூங்காவைச் சூழ்ந்த மலைகளில் அதே ஆண்டுகளில் எவர் உழைத்தனர், அவர்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால் அவர் விழிப்பார். அவரைக் குறை கூறி என்ன பயன்? அவருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர்களும் அதனை அறியமாட்டார்கள்.

நாம் அந்தப் பதக்கங்களையே இன்று எண்ணிப் பார்க்கப் போகிறோம். எண்ணுவதோடு நில்லாமல், ஒவ்வொன்றும் எதற்காகக் கொடுக்கப்பட்டது என்றும் கேட்கப் போகிறோம். நிலத்தை விற்க வருபவனிடம் உறுதியை வாங்கி வரிவரியாகப் படிக்கும் நம் வழக்கறிஞரும், விதைநெல்லை உள்ளங்கையில் எடுத்து ஊதிப் பதர் பார்க்கும் நம் உழவரும் இந்த வேலைக்கு ஏற்றவர்களே.

லூயி மௌண்ட்பேட்டன் 1900ஆம் ஆண்டு யூன் 25ஆம் நாள் வின்சரில் பிறந்தார். விக்டோரியா மகாராணியின் கொள்ளுப் பேரர். தந்தையார் பிரித்தானியக் கடற்படையின் தலைமைப் பதவியை வகித்தவர். செர்மானியக் குடும்பத்தில் தோன்றியவர் என்ற ஒரே காரணத்துக்காக 1914இல் அத்தந்தையார் அப்பதவியை விட்டு விலக நேர்ந்தது. 1917இல் குடும்பப் பெயரும் பாட்டன்பேர்க் என்பதிலிருந்து மௌண்ட்பேட்டன் என மாற்றப்பட்டது. பிறந்த இடத்தையும் பெயரையும் காட்டி ஒருவனை அயலான் என்று ஒதுக்கும் கொடுமை என்னவென்பதை அக்குடும்பம் அனுபவித்தே அறிந்திருந்தது. வாசகர்கள் இதனை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் இதற்கு வருவோம்.

மகன் 1913இல் கடற்படைப் பள்ளியிற் சேர்ந்தார். முதலாம் உலகப் போரிற் சிறு அதிகாரியாகக் கப்பலேறினார். அவர் பெற்ற முதல் அரச விருது போருக்காக வந்ததன்று. 1920இல் வேல்ஸ் இளவரசர் ஆத்திரேலியா, நியூசிலாந்து நாடுகளைச் சுற்றி வந்தபோது உடன் சென்றார். அதற்காக விக்டோரிய அரச வரிசையில் ஓர் இடம் கிடைத்தது. 1921இலும் 1922இலும் அதே இளவரசரோடு இந்தியாவையும் யப்பானையும் சுற்றினார். திரும்பி வந்ததும் அதே வரிசையில் வீரப்பெருமகன் ஆக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு. அண்ணன் முறையான ஒருவரோடு கப்பலிற் பயணம் செய்ததுதான் செய்த சேவை. நம்மூரில் மாப்பிள்ளைத் தோழனுக்கு ஒரு பட்டு வேட்டி கிடைக்கும். அங்கே பதக்கம் கிடைத்தது. 1937இல், அரசர் ஆறாம் ஜோர்ஜின் முடிசூட்டு ஆண்டில், அந்த வரிசையின் மிக உயர்ந்த படியும் வந்து சேர்ந்தது.

அந்த 1922ஆம் ஆண்டுப் பயணம் நம் தீவையும் தொட்டது. பங்குனி மாதத்தில் இளவரசர் கண்டிக்கு எழுந்தருளினார். யானைகளை நிறுத்திப் பெரகரா நடத்திக் காட்டினார்கள். அதற்கு முந்திய ஆண்டுவரை அதே கண்டி மலைகளில் துண்டு முறை நடைமுறையில் இருந்தது என்பதை இன்று எத்தனை பேர் அறிவர்? தோட்டத் தொழிலாளி பட்ட கடன் முழுவதையும் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக் கொடுப்பார்கள். அக்கடனைத் தீர்க்க உடன்படும் தோட்டத்துக்கே அவன் போகலாம். ஆளோடு கடனும் கைமாறும், கடனோடு ஆளும் கைமாறுவான். 1921இற்றான் அந்த முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அலங்கரித்த யானைகளைக் கண்டு மகிழ்ந்த இளங் கடற்படையாளருக்கு இதனை எவரும் எடுத்துச் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் கேட்டிருக்கவும் மாட்டார்.

நியாயத்தைப் பேசுவோம். மௌண்ட்பேட்டன் கோழையல்லர். 1939இல் கெல்லி என்னும் நாசகாரிக் கப்பலின் தலைமையை ஏற்றார். அக்கப்பல் கண்ணியில் மோதியது, தோழமைக் கப்பலொன்றோடு மோதியது. 1940 மே மாதத்தில் வட கடலில் ஏவுகுண்டு பட்டுப் பிளந்தது. கப்பலைக் கைவிடாது நான்கு நாட்கள் இழுத்துக் கரை சேர்த்தனர். 1941 மே 23இல் கிரீற் தீவருகே செர்மானிய விமானங்கள் அதனை மூழ்கடித்தன. நூற்றுக்கு மேற்பட்ட மாலுமிகள் கப்பலோடு போயினர். தலைவர் கடைசிவரை மேற்றளத்தில் நின்று, பின்னர் நீந்திப் பிழைத்தார். அவ்வாண்டின் தொடக்கத்தில் அவருக்குக் கிடைத்த சிறப்புச் சேவை விருதைப் பற்றி நாம் ஒரு சொல்லும் குறைவாகச் சொல்லமாட்டோம். அது கடலில் உழைத்துப் பெற்றது. அவருடைய பதக்கக் குவியலுள் அந்தச் சிறு வெள்ளைச் சிலுவை ஒன்றுக்கே எதிரியின் குண்டு சாட்சி.

கெல்லியின் கதையைத் தழுவி மறு ஆண்டே திரைப்படம் எடுத்தார்கள். கப்பலோடு மூழ்கிய மாலுமிகளின் பெயர்களை எவரும் திரையரங்குகளில் முழங்கவில்லை.

இவ்விடத்தில் ஒரு தமிழனைப் பற்றிச் சொல்லாமற் போக எமக்கு மனம் வரவில்லை. காஞ்சிபுரத்துக்கு அருகே ஒரு சிற்றூரிற் பிறந்த சுப்பிரமணியன் என்பார் சென்னைச் சுரங்கப் படையில் சுபேதாராகப் பணியாற்றினார். 1944 பெப்ரவரி 24இல் இத்தாலி நாட்டில் மிஞ்ஞானோ என்ற இடத்திற் கண்ணி அகற்றும் பணியின்போது ஒரு கண்ணி வெடிக்கத் தொடங்கியது. தோழர்களைக் காக்க அவர் அதன்மேற் குப்புற விழுந்தார். ஜோர்ஜ் சிலுவை என்னும் மிக உயர்ந்த வீர விருது அவருக்கு அறிவிக்கப்பட்டபோது அதனைச் சூட அவர் மார்பே இல்லை. தமிழன் ஒருவன் வெள்ளை அரசிடம் அவ்வுயர்ந்த பதக்கம் பெறுவதற்குக் கொடுக்க வேண்டியிருந்த விலை இது. இளவரசரோடு கப்பலிற் சென்றவருக்கோ இருபது வயதில் ஒன்று, இருபத்திரண்டு வயதில் இன்னொன்று.

கெல்லிக்குப் பிறகு நடந்தது இன்னும் வியப்பானது. மூழ்கிய கப்பலின் தலைவர் ஓராண்டுக்குள் துணைத் தளபதிப் பதவிக்கு உயர்ந்தார். தரைப்படையிலும் வான்படையிலுங்கூடக் கௌரவப் பதவிகள் கொடுத்தார்கள். அவர் தலைமையிலிருந்த கூட்டு நடவடிக்கைப் பிரிவு 1942 ஆகத்து 19இல் பிரெஞ்சுக் கரையிலுள்ள தியெப் நகரின்மேற் படையிறக்கியது. இறங்கிய ஆறாயிரம் பேரில் ஐயாயிரம் பேர் கனடா நாட்டு இளைஞர். நண்பகலுக்குள் தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட கனடியர் மாண்டனர் அல்லது மரணக் காயமுற்றனர். ஏறத்தாழ ஈராயிரவர் சிறைப்பட்டனர். ஒரு சாதாரணக் கணக்கப்பிள்ளை தேயிலைச் சாக்கு இரண்டைத் தவறவிட்டாற் சம்பளத்திற் பிடித்துக்கொள்வார்கள். தியெப் நடந்து ஓராண்டு நிறைந்த அதே ஆகத்து மாதத்தில் மௌண்ட்பேட்டன் தென்கிழக்காசிய நேசப்படைகளின் தலைமைத் தளபதியாக அறிவிக்கப்பட்டார்!

இப்படியாகத்தான் அவர் கண்டிக்கு வந்து சேர்ந்தார். தில்லியில் ஆறு மாதம் இருந்து பார்த்தார்; பிடிக்கவில்லை. 1944 ஏப்பிரலில் தலைமையகம் பேராதனைக்கு மாற்றப்பட்டது. தளபதி கண்டியில் அரச மாளிகையிற் குடியிருந்தார். பூங்காவிலும் சுற்றுப்புறத்திலும் கொட்டில்கள் எழுந்தன; ஆயிரக்கணக்கான உத்தியோகத்தர் குவிந்தனர். அமெரிக்க உளவுப் பிரிவினருக்கும் கண்டிப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம் இடங்கொடுத்தது. பின்னாளில் சமையற் கலையாற் புகழ்பெற்ற யூலியா சைல்ட் என்ற அம்மையார் அங்கேதான் கோப்புகளைக் காத்தார். தலைமையகம் இங்கே வந்திறங்கிய அவ்வேளையில் இம்பாலும் கோகிமாவும் யப்பானியரால் முற்றுகையிடப்பட்டிருந்தன. கண்டிக்கும் இம்பாலுக்கும் இடைத்தூரம் ஏறக்குறைய 1,500 மைல். அங்கே சேற்றிலும் மலேரியாவிலும் நின்று போரிட்டது தளபதி சிலிமின் பதினான்காம் படை. அதிற் பெரும்பான்மையோர் இந்தியர். ஆபிரிக்கரும் ஆயிரமாயிரமாய் நின்றனர். மழைக்காலத்திலும் போரை நிறுத்தக்கூடாது, மலேரியாவை மருத்துவத்தால் வெல்ல வேண்டும் என்று மௌண்ட்பேட்டன் வற்புறுத்தினார். அது நல்ல முடிவு; ஒப்புகிறோம். முடிவைச் சொன்னவர் பேராதனைப் பனை வீதியில் இருந்தார், நிறைவேற்றியவர் தித்திம் வீதிச் சேற்றில் இருந்தார் என்பதையும் சேர்த்தே ஒப்ப வேண்டும்.

போர் என்பது துப்பாக்கியால் மட்டும் நடப்பதன்று என்பதை எம் வாசகருக்கு நாம் விளக்கத் தேவையில்லை. 1942 பெப்ரவரி 15இற் சிங்கப்பூர் வீழ்ந்தது. மலாயாவின் இறப்பரும் யாவாவின் இறப்பரும் எதிரி கைக்குப் போயின. நேச நாடுகளுக்கு எஞ்சிய இயற்கை இறப்பரின் பெரும் ஊற்று இலங்கையாயிற்று. லொறிக்குச் சக்கரம், விமானத்துக்குச் சக்கரம், அனைத்தும் இங்கிருந்து போன பாலில் உருவானவை. மரம் செத்தாலும் கவலையில்லை, பாலைக் கறந்துவிடு என்று உத்தரவு வந்தது. கண்டியைச் சுற்றிய தாழ்சரிவுகளில் விடியுமுன்னே கத்தியும் வாளியுமாக மரமேறிய கைகள் யாருடையவை? மேல்மலைத் தேயிலை முழுவதையும் பிரித்தானிய உணவு அமைச்சு மொத்தமாக வாங்கியது. இங்கிலாந்து மக்களுக்குப் பங்கீட்டு அட்டையிற் கிடைத்த ஒவ்வொரு கிண்ணத் தேநீருக்கும், போர்முனைப் படையினனின் தகரக் குவளைக்கும் கொழுந்து கிள்ளியவள் யார்? தேயிலைச் செடி 1824இல் இந்நாட்டுக்கு வந்து நின்ற மண் அதே பேராதனைப் பூங்காவின் மண்தான். அது பெருந்தோட்டப் பயிரானது 1867இல், கண்டிக்குத் தெற்கே கேவாகெட்டைப் பகுதியில், லூல்கந்துரைத் தோட்டத்தில். தளபதியின் தலைமையகம் உட்கார்ந்திருந்தது அந்த மக்களின் உழைப்பின் நடுமுற்றத்தில் என்றால் அது மிகையன்று.

அவர்கள் உண்டது என்ன? இந்நாடு உண்ட அரிசியின் பெரும்பகுதி பர்மாவிலிருந்து வந்தது. 1942இற் பர்மா வீழ்ந்ததும் கப்பல் நின்றது. பங்கீட்டு அரிசி சுருங்கியது. லயத்து அடுப்புகளிற் கோதுமை மா ரொட்டி ஏறியது. மட்டக்களப்பிலும் வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் உழவர் பட்ட பாட்டை முதியோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நெல்லை அரசுக்கு அளந்து, தாம் மரவள்ளிக் கிழங்கு தின்ற காலம் அது. ஆனால் உழவனுக்குக் காணி என்ற ஒன்று இருந்தது. லயத்தில் இருந்தவனுக்கு நிற்கும் நிலமும் தோட்டத்துரையுடையது.

உரிமை கேட்டவருக்குக் கிடைத்த பதக்கம் எத்தகையது என்பதற்கும் கண்டியே சாட்சி. லூல்கந்துரையின் அயலிலுள்ள முல்லோயாத் தோட்டத்தில் 1940 சனவரியில் வேலைநிறுத்தம் நடந்தது. பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி வீழ்ந்தான். அவன் மார்பிலும் ஒன்று பதிந்தது. ஆனால் அதற்கு நாடா கிடையாது. விசாரணைக் குழுவின்முன் அக்குடும்பத்துக்காக வாதாடிய கொல்வின் ஆர். டி சில்வா அவ்வாண்டின் நடுப்பகுதியிலேயே தோழர்களோடு காவலில் வைக்கப்பட்டுப் போகம்பரைச் சிறைக்கு வந்தார். 1942 ஏப்பிரல் 7இல் அவர்கள் அச்சிறையிலிருந்து தப்பினர். சனநாயகத்தைக் காக்கும் போரின் தலைமையகம் இரண்டாண்டில் அதே நகருக்கு வந்தது.

இனிப் பட்டத்துக்கு வருவோம். 1945 செப்தெம்பர் 12இற் சிங்கப்பூர் நகரமண்டபத்தில் யப்பானியரின் சரணாகதியை மௌண்ட்பேட்டன் பெற்றார். 1946இல் அவர் பர்மாவின் மௌண்ட்பேட்டன் என வைக்கவுண்ட் ஆக்கப்பட்டார், 1947இல் ஏர்ள். பர்மாவின்! அந்நாட்டின் பெயரைத் தமிழன் எந்தெந்த வகையிற் சுமந்தான் என்பதை எவரேனும் பட்டயத்தில் எழுதினாரா? 1942இல் இரங்கூனிலிருந்தும் டெல்ற்றா வயல்களிலிருந்தும் நான்கைந்து இலட்சம் இந்தியர் வெளியேறினர். தமிழரும் தெலுங்கரும் அவர்களுட் பெருந்தொகையினர். மலைப்பாதையில் நடந்தே அசாமுக்கு வந்தவர்களிற் பல்லாயிரவர் வழியிலேயே மடிந்தனர். அவர்களைக் காக்க வேண்டிய ஆட்சி அவர்களுக்கு முன்னே ஓடியது. 1942 நடுவில் தொடங்கி 1943 ஒக்தோபர்வரை சயாமையும் பர்மாவையும் இணைத்து யப்பானியர் போட்ட 415 கிலோமீற்றர் இரயிற்பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் கொண்டுபோகப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் தமிழர். பல நாட்டு ஆசியத் தொழிலாளர் அனைவரையும் சேர்த்தால் அங்கே மாண்டவர் தொண்ணூறாயிரம் அளவினர் என்பர். நேசநாட்டுப் போர்க்கைதிகள் பன்னீராயிரத்துக்கு மேற்பட்டோரும் அங்கு மாண்டனர். அவர்களுக்குக் காஞ்சனபுரியிலும் தன்பியூசாயாத்திலும் வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு, புல் வெட்டப் பணியாளரும் உண்டு. அவர்கள்மேல் எமக்குப் பொறாமையில்லை. நம்மவனுக்கோ குழியும் பொது, பெயரும் இல்லை.

சிங்கப்பூரில் இன்னொன்றும் நடந்தது. இந்திய தேசிய இராணுவத்தில் மாண்டவர்களுக்காக நேதாசி சுபாஷ் சந்திர போஸ் 1945 யூலை 8இற் கடற்கரை வெளியில் நினைவுத்தூணுக்குக் கல் நாட்டினார். அந்த இராணுவத்தின் கடைசிக்கால அணிகளை நிரப்பியவர்கள் மலாயா இறப்பர்த் தோட்டத் தமிழர். ஜான்சிராணிப் படையிற் சேர்ந்த பெண்களிலும் தமிழ்ப் பெண்களே மிகுதி. வெள்ளையர் திரும்பி வந்ததும் அத்தூண் மௌண்ட்பேட்டனின் ஆணைப்படி வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அந்த இராணுவம் சென்ற வழி சரியா, யப்பானியரோடு சேர்ந்தது தகுமா என்பது வேறு வழக்கு. அதில் எம் வாசகரிடையே கருத்து வேறுபாடு இருக்கும். ஆனால் இறந்தவனுக்கு வைத்த கல்லுக்கு அஞ்சிய ஒரு தளபதியை, தன் மார்பில் இத்தனை நினைவுச் சின்னங்களை மாட்டிக்கொண்டவரை, பெருந்தன்மையின் உருவம் என்று எழுதுகிறார்களே, அதைத்தான் எம்மால் விழுங்க முடியவில்லை. ஐம்பது ஆண்டு கழித்து 1995இல் சிங்கப்பூர் அரசே அவ்விடத்தில் ஓர் அடையாளக் கல் வைத்தது.

1945 முதல் 1947வரை பதக்க மழை பொழிந்தது. பாத் வரிசை, கார்ட்டர் வரிசை, இந்திய விண்மீன் வரிசை, இந்தியப் பேரரசு வரிசை. அமெரிக்காவும் சீனாவும் சயாமும் நேபாளமும் தந்தவை வேறு. பின்னாளிற் பர்மாவும் தந்தது. 1965இல் தகைமை வரிசையும் வந்தது. இந்தியாவின் பெயராலமைந்த இரண்டும் இராசப்பிரதிநிதி நாற்காலியில் அமர்ந்தவருக்கு அமர்ந்ததனாலேயே வருபவை. அவருக்குப்பின் அவற்றைக் கொடுக்கப் பேரரசே இல்லாமற் போயிற்று. 1948 யூன் என்று குறித்த நாளை 1947 ஆகத்து 15க்கு இழுத்தார். யப்பான் சரணடைந்த இரண்டாம் ஆண்டு நிறைவு என்பதால் அந்நாளைத் தெரிந்தெடுத்ததாகத் தாமே பின்னர் சொன்னார். எல்லைக்கோடு விடுதலைக்குப் பின்னரே வெளியிடப்பட்டது. பஞ்சாபில் இலட்சக்கணக்கானோர் வெட்டுண்டனர். ஒரு பதக்கத்தின் ஆண்டு நிறைவுக்குப் பொருந்துமாறு ஒரு தேசத்தின் பிரிவினைக்கு நாட்குறித்தவர் என்று சொன்னால், அது கடுஞ்சொல்லா, உண்மையா என்பதை வாசகரே தீர்மானிக்கட்டும்.

இதே காலத்தில் கண்டி மலைகளில் நிகழ்ந்தது என்ன? 1948இன் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழரை நாடற்றவராக்கியது. 1949இன் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் ஒரு சிறு கதவைத் திறப்பதுபோற் காட்டியது. அதே ஆண்டின் 48ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் வாக்குரிமையைப் பறித்தது. அந்தச் சிறு கதவின் நிபந்தனையைக் கூர்ந்து படியுங்கள். மணமானவர் 1946 சனவரி முதலாம் நாளுக்கு முந்திய ஏழு ஆண்டுகள் இடைவிடாது இந்நாட்டில் வாழ்ந்ததை நிறுவ வேண்டும். மணமாகாதவர் பத்து ஆண்டுகள். பன்னிரண்டு மாதத்துக்கு மேற்பட்டு வெளியே இருந்தால் தொடர்ச்சி அறும்.

1946 சனவரிக்கு முந்திய ஏழு ஆண்டுகள் எவை? விரலை மடக்கி எண்ணுங்கள்: 1939, 40, 41, 42, 43, 44, 45. போர் ஆண்டுகள்! எந்த ஆண்டுகளில் இலங்கைத் தேயிலையும் இறப்பரும் நேசப்படைகளை நிறுத்தினவோ, எந்த ஆண்டுகளுக்காக மௌண்ட்பேட்டனுக்குப் பாத் வரிசையும் பர்மாப் பட்டமும் வந்தனவோ, அதே ஆண்டுகளில் நீ இங்கே இருந்தாயா என்று கொழுந்து கிள்ளியவளிடம் சட்டம் கேட்டது. அவள் கிள்ளிய கொழுந்தின் எடை தோட்டத்துப் பேரேட்டில் றாத்தல் கணக்கில் இருந்தது. அந்தத் தேயிலை இலண்டன் கிடங்கின் பேரேட்டிலும் இருந்தது. அவள் இருந்தாள் என்பதற்கு மட்டும் சான்று போதவில்லை. ஊரிலே தாய் இறந்தாளென்று இராமேசுவரம் கடந்து போனவன், திரும்ப ஓராண்டுக்கு மேல் சுணங்கினால் வழக்குத் தோற்றது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டவருக்காக விண்ணப்பங்கள் குவிந்தன. 1960களின் முற்பகுதிவரை ஏறத்தாழ 1,34,000 பேருக்கே பிரசாவுரிமை கிடைத்தது. கண்டியில் ஒன்றரை ஆண்டுக்குச் சற்று மேலிருந்த துரையிடம் எவரும் வதிவுச் சான்று கேட்கவில்லை. கண்டியின் வரலாற்றில் அவருக்கு நிரந்தர இடம். மலையிலே மூன்று தலைமுறை பிணம் புதைத்தவனுக்குத் தற்காலிக வதிவு.

இங்கே ஒரு நண்பர் குறுக்கிடுவார். அச்சட்டங்களைச் செய்தது டி. எஸ். சேனநாயக்காவின் ஆட்சியல்லவா, மௌண்ட்பேட்டனை ஏன் இழுக்கிறீர்கள் என்பார். சரியான கேள்வி. அவர் அச்சட்டத்தை எழுதவில்லை, வாக்களிக்கவுமில்லை. அந்தப் பழியை அவர்மேற் போட்டால் நாம் பொய்யராவோம். பழி இந்நாட்டுப் பாராளுமன்றத்தினுடையது. நம்மவருக்கும் அதிற் பங்குண்டு. இரண்டாவது சட்டம் வந்தபோது அமைச்சராயிருந்த ஜி. ஜி. பொன்னம்பலம் அவர்கள் அதனை ஆதரித்தார், எஸ். ஜே. வி. செல்வநாயகம் அவர்கள் எதிர்த்தார். யாழ்ப்பாணத்துப் படித்த வீடுகளிற் பல அன்று மலைநாட்டான் பிரச்சினை என்று பக்கத்தைப் புரட்டின. இதை எழுதும்போது எமக்கும் கூசுகிறது.

ஆயினும் வெள்ளை ஆட்சிக்கு ஒரு கடன் உண்டு. அந்த மக்களைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தது அது; பிரித்தானியப் பிரசைகள் என்று பெயரிட்டு வேலை வாங்கியது அது; போரில் அவர்களின் வியர்வையைக் கணக்கெழுதிக்கொண்டதும் அதுவே. போகும்போது தளபதிகளுக்குப் பட்டம் எழுத நேரம் இருந்தது. அந்தத் தொழிலாளர்களின் உரிமையைச் சட்டத்தில் எழுதிவிட்டுப் போக நேரமில்லை. செர்மானியப் பெயருக்காகத் தந்தை அவமானப்பட்டதைப் பதினான்கு வயதிற் கண்டவர் மௌண்ட்பேட்டன். பிரபுக்கள் சபையில் முப்பது ஆண்டுக்கு மேல் அவருக்கு ஆசனம் இருந்தது. 1964 ஒக்தோபரில் சிறீமா சாத்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் மந்தையைப் பிரிப்பதுபோற் பிரித்தபோது அவர் பிரித்தானியப் பாதுகாப்புப் படைகளின் தலைவராக இருந்தார். தாம் இருந்து ஆண்ட கண்டி மலையின் மக்களுக்காக அவர் எங்கே வாய் திறந்தார்?

இன்னொரு நண்பர், இறந்தவரைத் தூற்றலாமா என்பார். 1979 ஆகத்து 27இல் அயர்லாந்துக் கடலோரத்தில் அவருடைய படகில் குண்டு வைத்தார்கள். அவரோடு பதினான்கு வயதுப் பேரனும் பதினைந்து வயதுப் படகுப் பையனும் மாண்டனர். முதிய அம்மையார் ஒருவர் மறுநாள் உயிர் துறந்தார். அதனைக் கொலை என்றே நாம் சொல்லுகிறோம். அவருடைய சவ ஊர்வலம் எவ்வாறு அமைய வேண்டுமென்பதை அவரே உயிரோடிருக்கும்போது எழுதி வைத்திருந்தார். செப்தெம்பர் 5இல் வெஸ்ற்மினிஸ்ரர் ஆலயத்துக்கு அவரைக் கொண்டுபோனபோது, பதக்கங்களும் வரிசைச் சின்னங்களும் மெத்தைகளில் ஏந்தி வரப்பட்டன. அவருடைய வரலாற்றை எழுத அமர்த்தப்பட்ட சீக்ளர் என்பாரே, அவர் தம்மை ஏமாற்ற முனைகிறார் என்று எண்ணிச் சினந்துபோனார். எல்லாம் இருந்தும் அவர் பெரிய மனிதர்தான் என்பதை மறவாதிருக்க மேசைமேல் ஒரு குறிப்பை எழுதி வைத்துக்கொண்டார் என்றால் நாம் மேலும் சொல்ல வேண்டியதில்லை.

பேராதனையிலிருந்து கண்டி செல்லும் வழியிற் போர்க் கல்லறை ஒன்றுண்டு. ஏறத்தாழ இருநூறு பேர் அங்கே உறங்குகின்றனர். பிரித்தானியர், இந்தியர், கிழக்கு ஆபிரிக்கர், இலங்கையர். பெயரும் பிரிவும் வயதும் பொறித்துப் பூச்செடி வைத்து அழகாகப் பேணுகிறார்கள். அது போதும், ஒரு படையாளனுக்கு அவ்வளவு மரியாதை வேண்டியதே. அதைப் போல ஒரு கல் போரில் உழைத்த தோட்டத் தொழிலாளருக்கு எங்கே? 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வந்த பின்னரே எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரசாவுரிமை கிடைத்தது. போர் முடிந்து ஐம்பத்தெட்டு ஆண்டுகள்! கிள்ளியவள் அதற்குள் மண்ணாகியிருப்பாள். 2023இல், மலையகம் இருநூறு ஆண்டு என்று, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை அம்மக்கள் நடந்தே வந்தார்கள். பாட்டன் நடந்த வழியிற் பேரர் நடந்தனர். எந்த அரசும் அவர்களுக்கு மெத்தையில் பதக்கம் ஏந்தவில்லை. அவர்களும் பதக்கம் கேட்கவில்லை. லயத்துக்குப் பதில் வீடும் வீட்டடிக் காணியின் உறுதியும் கேட்டார்கள்.

பேராதனைப் பூங்கா நிருவாகத்தை நாம் ஒன்று கேட்கிறோம். தலைமையகம் இருந்ததைப் பயணிகளுக்குச் சொல்லும் இடத்தில், 1939 முதல் 1945வரை இம்மலைகளில் தேயிலையும் இறப்பரும் விளைவித்த மக்களைப் பற்றியும் மூன்று மொழிகளில் ஒரு கல் வையுங்கள். ஆற்றங்கரையில் ஒரு முழ நிலம் போதும். எதிர்க்கரையிற் பல்கலைக்கழகத்திற் பயின்ற எம் வாசகரான ஆசிரியரும் மருத்துவரும் பொறியியலாளரும் இதற்குக் கையொப்பம் திரட்ட முன்வர வேண்டும்.

எம் வாசகரிடமும் ஒரு வேண்டுகோள். போர்க்காலச் செக்ரோல் புத்தகம், கொழுந்து நிறுத்த துண்டு, அரிசிப் பங்கீட்டுப் புத்தகம், நிராகரிக்கப்பட்ட பிரசாவுரிமை விண்ணப்பம் ஆகியவற்றில் எதுவேனும் உங்கள் வீட்டிலோ தோட்டத்து ஆபீசிலோ கறையான் தின்னக் கிடந்தால் எடுத்துத் துடைத்து வையுங்கள். பழைய கடதாசிக்காரனிடம் நிறுத்துக் கொடுத்துவிடாதீர்கள். கல்லிற் பொறிக்கப் பெயர்கள் வேண்டும். அப்பெயர்கள் அந்தக் கடதாசிகளில்தான் இருக்கின்றன.